கெரானில் யார் பெயர்?

"மோட்டார் நல்லா ஓடும் தம்பி. எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. ஆனா கெரான்ல யாரு பேரு இருக்குன்னு பாத்தியா?"

2018-ஆம் ஆண்டு. மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த பழுதுபார்க்கும் கடையில் ஓர் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. பழைய ஹோண்டா இஎக்ஸ்5 ஒன்றை உதைத்து ஸ்டார்ட் செய்து, அந்தச் சத்தத்தில் மயங்கி நின்றிருந்தேன். பணம் சட்டைப் பையில் இருந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் தம்பிமார்கள் யாராவது மாதம் ஒருமுறையாவது என்னிடம் கேட்கிறார்கள்: "அண்ணே, இங்க பைக் வாங்கலாமா? நம்மள மாதிரி ஆளுங்க பேர்ல எழுதுவாங்களா?" எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, பட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சொற்கள். மலேசியத் தமிழர்களுக்கு மோட்டார் என்றால் இருசக்கர வாகனம். அதைப் பழுதுபார்ப்பவர் போர்மேன். கெரான் என்பது வாகன உரிமைச் சான்றிதழ், நம் ஊர் ஆர்.சி. புத்தகம். ஜேபிஜே என்றால் சாலைப் போக்குவரத்து இலாகா, நம் ஊர் ஆர்.டி.ஓ. அபராதச் சீட்டு சம்மன். காசு வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பதில் இலாகாவுக்கு அலைபவர் ரன்னர். பாஸ்போர்ட்டை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் கடப்பிதழ் என்று எழுதும். எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போய்விட்டது, அதையே எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த இஎக்ஸ்5-இன் கெரானைப் பார்த்தோம். விற்க வந்தவர் பெயர் அதில் இல்லை. அவர் யாரிடம் வாங்கினாரோ அவர் பெயரும் இல்லை. அதற்கும் முந்தியவர் பெயர் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விற்க வந்தவரும் நம்மைப் போல வேலைக்கு வந்தவர்தான். மூன்று வருடம் ஓட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஒன்னும் பிரச்சினை இல்ல, நானும் இப்படித்தான் ஓட்டினேன்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு மூன்று வருடமும் பிரச்சினை வரவில்லை, அவ்வளவுதான்.

போர்மேன் அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். "வேணாம்பா. ஓனர் உசுரோட இருக்கணும், கிள்ளான்லயே இருக்கணும், ஒன்கூட கவுண்டருக்கு வரணும். அப்படிப்பட்ட மோட்டார் வரட்டும், சொல்றேன்." இரண்டு வாரம் கழித்து அப்படி ஒன்று வந்தது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. அடுத்த வருடம் புரிந்தது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் இரவுச் சாப்பாடு சாப்பிடும் உணவகத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை செய்தார். கடைக்குச் சாமான் வாங்க, சாப்பாடு கொண்டுபோக எல்லாம் ஒரு மோட்டார். கெரான் யாரோ ஓர் உள்ளூர்க்காரர் பெயரில். தம்பிக்கு இங்கே ஓட்டுநர் உரிமம் கிடையாது. தற்காலிக வேலை அனுமதியில் வந்திருக்கும் தொழிலாளர்களுக்குப் பொதுவாக ஜேபிஜே உரிமம் கொடுப்பதில்லை. ஒரு மழை நாளில் கார் ஒன்று இடித்துக் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. மோட்டாரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. கெரானில் பெயர் இருந்தவர் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லை. வண்டிக்கு இருந்த மூன்றாம் நபர் காப்பீடு அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்குத்தான், ஓட்டியவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். சம்பளத்தில் 1.25 விழுக்காட்டை முதலாளி கட்டவேண்டும். வேலையில் நடக்கும் விபத்தும் வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேரும். ஆனால் அவரை அதில் பதிந்திருக்கவே இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்துத்தான் அவரைத் தேற்றி ஊருக்கு அனுப்பினோம்.

அவர் செய்த தவறு என்று நான் சொல்லமாட்டேன். முதலாளி சாவியைக் கொடுத்து ஓட்டு என்றால் இருபத்து மூன்று வயதுப் பையன் என்ன செய்வான்? சாவியைக் கொடுப்பவரையும் சட்டம் சேர்த்தே பிடிக்கும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் ஓட்டுவதும் குற்றம், உரிமம் இல்லாதவரை ஓட்ட விடுவதும் குற்றம். ஆனால் சாலையில் நிறுத்தப்படுகிறவன் எப்போதும் ஓட்டுகிறவன்தான். வெளிநாட்டவர் ஓட்டும் மோட்டார்களைக் குறிவைத்து ஜேபிஜே அடிக்கடி சோதனை நடத்துகிறது. பத்திரிகையில் படம் போடுவார்கள்: பறிமுதல் செய்த மோட்டார்கள் வரிசையாக, பக்கத்தில் தலை குனிந்த முகங்கள். அந்த முகங்களில் எத்தனை நம் ஊர் முகங்கள்!

மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார்காரர்கள். இவ்வளவு ஆபத்தான ஒரு பொருளில் ஏறி உட்காரும்போது, காகிதத்திலாவது உங்கள் பக்கம் நியாயம் இருக்கவேண்டும்.

அப்படியென்றால் மோட்டாரே வேண்டாமே, கேடிஎம் கொமுட்டர் ரயில் இருக்கிறதே என்பீர்கள். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன், வேலை ஷா ஆலமில். கே.எல். செண்ட்ரல் நடந்து போகிற தூரம்தான். ஆனால் ஷா ஆலம் ஸ்டேஷனில் இறங்கித் தொழிற்பேட்டைக்குள் போக வழியில்லை. இரவு ஷிப்ட் முடிந்தால் ரயிலும் இல்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்றே தனிப்பாதை உண்டு. 1970-களில் போட்டது. உலகத்தில் இப்படி ஒன்று முதலில் வந்தது இங்கேதான் என்று சொல்வார்கள். மழை கொட்டினால் மேம்பாலத்தின் அடியில் நூறு பேர் ஒதுங்கி நிற்போம். மலாய்க்காரர், தமிழர், வங்காளதேசத்தவர், நேபாளிகள். யாரும் யாரோடும் அதிகம் பேசமாட்டோம். மழைக்கோட்டை மாட்டிக்கொள்ளக் கை எட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் இழுத்துவிடுவார். எனக்கு இந்த ஊர் பழகியது அந்த மேம்பாலங்களுக்கு அடியில்தான்.

சரி, உரிமத்துக்கு வருவோம். நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வந்தால் ஆரம்பத்தில் ஓட்டலாம். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. அந்த அனுமதிக்கு ஆயுள் ஒரு வருடம். ஊரில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசா, விமானச் சீட்டைக் காட்டிக் கிளம்பும் முன்னரே வாங்கிவிடுங்கள். கட்டணம் ஆயிரம் ரூபாய். இன்னொன்று: உங்கள் உரிமத்தில் கார் மட்டும் இருக்கிறதா, கியர் உள்ள மோட்டார் சைக்கிளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டியவர்களில் பலருக்கு உரிமத்தில் கார் மட்டும்தான் இருக்கும்.

நம் உரிமத்தை மலேசிய உரிமமாக மாற்றிக்கொள்ளும் வழி முன்பு இருந்தது. தூதரகத்திலிருந்து உறுதிக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். 2025 மே மாதத்தில் வெளிநாட்டவருக்கு அதை நிறுத்திவிட்டார்கள். தூதரகப் பணியாளர் போன்ற சில வகையினருக்கு மட்டும் விலக்கு. ஆக, தற்காலிக வேலை அனுமதியில் இல்லாமல் வேலை பாஸில் இருக்கும் என் போன்றவர்களுக்கு நல்ல வழி, ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து பரீட்சை எழுதுவதுதான். நான் 2018-இலேயே அப்படித்தான் செய்தேன். ஐம்பது கேள்விகள், நாற்பத்திரண்டு சரியாக இருக்கவேண்டும். தமிழிலும் எழுதலாம். கோலாலம்பூரில் ஓர் அரசாங்கத் தேர்வைக் கணினித் திரையில் தமிழில் படித்து எழுதியபோது எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கும்! 250 சிசி வரைக்கும் பி2 வகுப்பு போதும். மைதானத் தேர்வில் 'தித்தி' என்று ஒன்று உண்டு. ஒடுங்கலான பலகைப் பாதையில் கால் ஊன்றாமல், அவசரப்படாமல், மெல்ல ஏறி இறங்கவேண்டும். ஊரில் வேகமாக ஓட்டிப் பழகியவர்கள் அதில்தான் விழுகிறார்கள். இரண்டு சனி ஞாயிறு பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாங்கும் கதை. போர்மேன் அண்ணன் சொன்ன இரண்டாவது இஎக்ஸ்5, ஓய்வுபெற்ற ஒரு பெரியவருடையது. சிலாங்கூர் பதிவு, அதாவது எண் 'பி'யில் தொடங்கும். கோலாலம்பூர் என்றால் 'டபிள்யூ', அது தீர்ந்துபோய் இப்போது 'வி'. பெரியவர் கெரானைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்த உறையைப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மலேசியர்கள் இருவருக்குள் கைமாறுவதென்றால் மைகார்டு என்ற அடையாள அட்டை இருக்கிறது. அட்டையைச் செருகி, கட்டைவிரலை வைத்தால் முடிந்தது. நம்மிடம் அந்த அட்டை இல்லை. ஆகவே நாம் ஜேபிஜே முகப்பிடத்துக்கு நேரில் போய் நிற்கவேண்டும், விற்பவரும் வரவேண்டும். கொண்டுபோக வேண்டியவை: அசல் கெரான், கே3ஏ என்ற படிவம், கடப்பிதழ், அதில் உள்ள வேலை அனுமதி, இவற்றின் நகல்கள், பிறகு உங்கள் பெயரில் எடுத்த காப்பீடு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வண்டி இன்னும் நம் பெயருக்கு மாறவில்லை, எப்படி நம் பெயரில் காப்பீடு? அப்படித்தான். முதலில் வாங்குபவர் பெயரில் காப்பீடு எடுக்கவேண்டும். கவர் நோட் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கணினி வழியாகவே ஜேபிஜேவுக்குப் போகும். அது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பெயர் மாறும்.

போகும் முன் இரு பக்கத்துச் சம்மன்களையும் பாருங்கள். விற்பவர் பெயரில் பாக்கிச் சம்மன் இருந்து, கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தால் முகப்பிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று டார்ச் அடித்து நீங்களே படித்துப் பாருங்கள். போர்மேன் அண்ணன் என்னைக் கீழே குனிந்து படிக்க வைத்தார். "நான் படிச்சு சொன்னா நம்புவே. நீ படி."

எனக்குச் சிக்கல் வந்தது பெயரில். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் குடும்பப் பெயர் என்ற இடம் பலருக்கு வெறுமையாக இருக்கும். சிலருக்கு அதில் அப்பா பெயர். சிலருக்கு முதலெழுத்து மட்டும். மலேசிய இந்தியர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' வரும், மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி'. பெண்களுக்கு 'ஏ/பி'. என் முகத்தைப் பார்த்ததும் காப்பீட்டு முகவர் தானாகவே நடுவில் ஓர் ஏ/எல் சேர்த்து அடித்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான். போதாததற்குக் கடப்பிதழ் எண்ணின் தொடக்க எழுத்தை விட்டுவிட்டார். இந்தியக் கடப்பிதழ் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கங்களும். எழுத்தை விட்டால் அது வேறு ஆள்.

விளைவு, முதல் தடவை படாங் ஜாவாவில் வெறுங்கையோடு திரும்பினோம். சிலாங்கூர் ஜேபிஜே அலுவலகம் அங்கேதான். கொமுட்டரில் ஷா ஆலமுக்கு அடுத்த ஸ்டேஷன். பெரியவர் தன் ஒரு நாளைக் கொடுத்து என்னோடு வந்திருந்தார். எனக்கு முகத்தைக் காட்டவே கூச்சமாக இருந்தது. அவர் தோளைத் தட்டி, "பசியாறிட்டுப் போலாம் வாங்க தம்பி. காயிதம்தானே, திருத்தினா சரியாப் போச்சு" என்றார். ஸ்டேஷன் பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க என்னை விடவில்லை.

இரண்டாவது தடவை வேலை முடிந்தது. முகப்பிடத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் என் கடப்பிதழைப் புரட்டி, "நாமா பாபா?" என்று கேட்டார். அப்பா பெயர் எங்கே என்று. கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். இந்தியக் கடப்பிதழில் அப்பா, அம்மா பெயரெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அவர் நிதானமாக என் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்து, கடப்பிதழில் உள்ளபடியே, ஏ/எல் இல்லாமல் பதிந்தார். திரையைத் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னார். சரி என்றேன். கெரானில் என் பெயர் வந்தது.

அன்றைக்கு நான் உணர்ந்ததை எப்படிச் சொல்வது? வாடகை வீட்டு ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில். சிம் கார்டு முதலில் நண்பர் பெயரில். என் பெயரில் இந்த நாட்டில் பதிவான முதல் சொத்து அந்தப் பழைய நூறு சிசி மோட்டார்.

ரன்னர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை செய்தவர் ஒருவர் "அலைய முடியாது" என்று ஒரு ரன்னரிடம் பணமும் கெரானும் கொடுத்தார். நான்கு மாதம் ஆகியும் பெயர் மாறவில்லை, கெரானும் திரும்பவில்லை. நேர்மையான ரன்னர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நமக்கு எப்படியும் நேரில் போகவேண்டிய வேலை இது. நடுவில் ஓர் ஆள் எதற்கு?

சாலை வரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 150 சிசி வரைக்கும் வருடத்துக்கு இரண்டு ரிங்கிட். ஆமாம், இரண்டு. 151-இலிருந்து 200 வரை முப்பது, 250 வரை ஐம்பது, 500 வரை நூறு. நம் ஊரில் வண்டி வாங்கும்போதே பதினைந்து வருடத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுவார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் மோட்டாரின் விலையைவிட, பத்து வருடம் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பதற்கு அதிகம் கொடுக்கவேண்டி வரும். இந்த இரண்டு ரிங்கிட் வரி, ஏழை எளியவருக்கு மலேசியா செய்திருக்கும் பெரிய நன்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு ரிங்கிட்டைக் கட்டக் காப்பீடு நடப்பில் இருக்கவேண்டும். தபால் நிலையத்திலேயே இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாம். 2023 பிப்ரவரியில் மலேசியர்களுக்குச் சாலை வரியும் உரிமமும் கைப்பேசிக்குப் போய்விட்டன. வெளிநாட்டவருக்கு அப்போது காகிதமே தொடர்ந்தது. நான் இன்றும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்கிறேன். சாலைத் தடுப்பில் நிற்கும்போது கையில் காட்ட ஒன்று இருப்பது நல்லது.

இனி நான் உண்மையாகவே தவித்த இடம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதும் அதுதான்.

2023-இல் என் கடப்பிதழ் முடிந்தது. புதிது வாங்கினேன். புதிய கடப்பிதழ், புதிய எண். குடிநுழைவுத் துறையில் வேலை அனுமதியைப் புதிய எண்ணுக்கு மாற்றும் வேலையை நிறுவனம் பார்த்துக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். மோட்டாருக்குக் காப்பீடு புதுப்பிக்கப் போனபோது புதிய எண்ணைக் கொடுத்தேன். உரிமையாளர் விவரம் ஒத்துப்போகவில்லை என்று வந்தது. பழைய எண்ணைக் கொடுக்கலாமா என்றால், அது ரத்தான கடப்பிதழ். ஐந்து வருடம் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த 25 விழுக்காட்டுச் சலுகை, அதுதான் மோட்டாருக்கு உச்சம், புதிய எண்ணில் பூஜ்யமாகக் காட்டியது. உரிமத்தைப் பார்த்தேன். அதுவும் பழைய எண்ணில். பெயர் அதே, பிறந்த தேதி அதே, முகம் அதே. கணினிக்கு நான் வேறு ஆள்.

மலேசியருக்கு மைகார்டு எண் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கடப்பிதழோடும் நம் அடையாளம் புதிதாகத் தொடங்குகிறது. அரசாங்கத்தின் ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குத் தானாகத் தெரிவதில்லை. நாம்தான் கொண்டுபோய்ச் சொல்லவேண்டும்.

இரண்டு நாளில் காப்பீடும் சாலை வரியும் காலாவதியாயின. மோட்டாரை அடுக்குமாடியின் கீழே நிறுத்திப் பூட்டினேன். பதினொரு நாள் தொடவில்லை. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, உரிமமும் பறிபோகலாம். அதைவிட, யாரையாவது இடித்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது? இரவு ஷிப்ட் நாட்களில் மட்டும் ஒரு நண்பர் காரில் கொண்டுவந்து விட்டார்.

அந்த நாட்களில் ஒரு மாலை போர்மேன் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தன் தாத்தாவின் கதையைச் சொன்னார். தாத்தா தோட்டப்புறத்தில் பால்மரம் சீவியவர். குடியுரிமை எடுக்கவில்லை, சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1968-இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, மறுவருடம் முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானபோது, வாழ்நாளெல்லாம் உழைத்த அதே தோட்டத்தில் அவருக்கு வேலை செய்ய அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. அந்த நாட்களில் ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். அண்ணனுடைய பெரிய தாத்தாவும் அதில் ஒருவர். "அவங்க ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது தம்பி. யாரோ சொன்னாங்க, ஒருத்தர் கப்பல் ஏறிட்டாரு, ஒருத்தர் இருந்துட்டாரு. அதான் நான் எல்லார்கிட்டயும் கெரான் கெரான்னு கேக்கறேன்."

இத்தனை வருடமாக அவர் ஏன் எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் படாங் ஜாவா போனேன். என் முறை வந்ததும் அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "பாஸ்போர்ட் லாமா அடா?" பழைய கடப்பிதழ் இருக்கிறதா? இருந்தது. மூலை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். புதிய கடப்பிதழின் கடைசிப் பக்கத்தில் பழைய எண், கொடுத்த தேதி, இடம் எல்லாம் அச்சாகி இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, பழையதைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் காகிதம் அது ஒன்றுதான். அவர் இரண்டையும் ஒப்பிட்டு, உரிமத்தின் பதிவையும் வண்டியின் பதிவையும் புதிய எண்ணுக்கு மாற்றினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மாலையே காப்பீடு எடுத்தேன், 25 விழுக்காடும் திரும்ப வந்தது. சாலை வரி, இரண்டு ரிங்கிட்.

பதினொரு நாள் தவித்தது, இந்த ஒரு மணி நேர வேலையை முன்கூட்டிச் செய்யாததால். எங்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கடப்பிதழ் மாறியதும் குடிநுழைவுத் துறையில் வேலை அனுமதி, அடுத்து ஜேபிஜேவில் உரிமமும் வண்டியும், அதன் பிறகு காப்பீடு, கடைசியில் சாலை வரி. இந்த வரிசையில் போங்கள். காப்பீடு முடிய ஒரு மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். ரத்தான கடப்பிதழைத் தூக்கிப் போடாதீர்கள், ஊருக்கும் அனுப்பாதீர்கள். பழைய எண்ணில் ஏதாவது சம்மன் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டாரை நண்பனிடம் சாவியோடு விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்த வண்டியின் ஒவ்வொரு சம்மனும் உங்கள் பெயரில் ஏறும். அதைவிட, அதை ஓட்டப்போகும் அடுத்த தம்பி, யாருமில்லாத ஒரு பெயரில் ஓட்டிக்கொண்டிருப்பான். பயணத்துக்கு முந்திய வாரம் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, வாங்குபவரோடு முகப்பிடத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், ஷா ஆலம் பக்கம் புதிதாக வந்திருப்பவர்களில் மலாய் தெரியாது, தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்பவர்கள் சொல்லுங்கள். எனக்கு இப்போது மலாய் பேச வரும். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு படாங் ஜாவாவுக்குக் கூட வருகிறேன். அசல் கெரானையும், இருந்தால் பழைய கடப்பிதழையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.